அரங்கேற்றக் காணொளியில் நழுவும் ஒலி: தமிழில் பாடம் உண்டா?

திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் நடந்த அரங்கேற்றத்தை ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் படம்பிடித்தேன். ஒலியைத் தனிக் கருவியில், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தேன். நீளம் 70 நிமிடம். தொடக்கத்தில் இரண்டும் அச்சாகப் பொருந்துகின்றன. இறுதியில் தில்லானா வரும்போது கால் தரையில் விழுந்து அரை விநாடி கழித்துத்தான் சலங்கை கேட்கிறது!

படத்தொகுப்பு மென்பொருள் டாவின்சி ரிசால்வ், இலவசப் பதிப்பு. மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம்தான். திணறுகிறது, ஆனால் ஓடுகிறது. கைத்தொலைபேசிப் பதிவில் சட்டக வேகம் (விநாடிக்கு எத்தனை படம் என்பது) மாறிக்கொண்டே இருக்கும் என்று அறிந்து, ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் மென்பொருளில் போட்டு விநாடிக்கு 30 என நிலைப்படுத்தினேன். நழுவல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒலியலையைக் கொண்டு தானாகப் பொருத்தும் வசதி தொடக்கத்தை மட்டுமே சரிசெய்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலியை வெட்டி நகர்த்தினால், வெட்டிய இடத்தில் மிருதங்கச் சொல் பாதியில் அறுபடுகிறது. நட்டுவனார் காதில் பட்டால் என் கதி அவ்வளவுதான்.

ரிசால்வை உருவாக்கும் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் இலவசப் பயிற்சி நூலையும் இறக்கிப் படிக்கிறேன். என் ஆங்கிலத்துக்கு அது மெதுவாகவே நகர்கிறது. வரும் வெள்ளிக்குள் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும்.

நீண்ட நிகழ்ச்சியில் ஒலியை இறுதிவரை படத்தோடு பொருத்துவதைப் படிப்படியாகக் காட்டும் தமிழ்ப் பாடம் எங்கே இருக்கிறது?