நந்திக்கடல் பச்சையாகக் கிடந்த விடியற்காலை

வட்டுவாகல்காரன்:

ஆவணி மாதம். இரண்டு நாளாகச் சோளகம் (தென்மேற்குக் காற்று) விழுந்து, காற்றே இல்லை. விடிய நாலரைக்கு நானும் சித்தப்பாவும் வீச்சு வலையோடு முல்லைத்தீவு நந்திக்கடல் களப்பில் இறங்கினோம். டோர்ச் அடித்துப் பார்த்தால், மணலை மீன்கள் எல்லாம் கரையோரமாக வந்து வாயை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி நீட்டி மூடிக்கொண்டிருந்தன. காலில் முட்டினாலும் ஓடவில்லை. சின்ன மீன்கள் ஏற்கனவே வெள்ளையாக மிதந்தன. சித்தப்பா வலையை எறியவே இல்லை. "மூச்சுக்கு அந்தரப்படுது தம்பி, இதுக்கு மேல வலை போட மனம் வராது" என்றார்.

ஆறு மணிக்குள் ஊரெல்லாம் ஒரே கதை: யாரோ மருந்து கலந்துவிட்டார்கள். நானும் நம்பினேன். யார் யார் மேல் சந்தேகம் என்று மனதுக்குள் ஒரு பட்டியலே போட்டுவிட்டேன், இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்பது மணி வெயிலில், செத்தது போக மிச்ச மீன் வழமைபோல ஓடத் தொடங்கிவிட்டது. மருந்து என்றால் நேரம் போகப் போக இன்னும் அல்லவா சாக வேண்டும்? தண்ணீரைச் சோடாப் போத்தலில் அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வல்லாரைச் சம்பல் அரைத்த அம்மியைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

இப்படி வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கிளிநொச்சிப் பெடியன்:

மீன்பிடியியல் படித்தவன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை, அந்தப் பச்சைதான் பிளாங்டன். நீரோட்டம் இழுத்த பக்கம் போகும் மிதவை உயிரிகள், அதிலே தாவர வகை. பகலில் அவை ஒட்சிசனை விடும். இரவில் அவையும் எங்களைப் போல ஒட்சிசனை எடுக்கும். அளவுக்கு மிஞ்சிப் பெருகிக் கிடந்தால், விடியப்புறத்தில் மீனுக்கு மிச்சம் இருக்காது. வெயில் வந்ததும் திரும்ப ஊறும். நீங்கள் கண்ட ஒன்பது மணிக் கதை பெரும்பாலும் இதுதான்.

இதோடு சூடும் சேருகிறது. 20 பாகை நல்ல தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். உப்பு ஏறினால் அதுவும் இல்லை. முகத்துவாரம் மூடி, களப்பு வற்றி, காற்றும் விழுந்துவிட்டால் தண்ணீரைக் கலக்கிவிட ஆளில்லை. அந்தப் பச்சைக்குச் சாப்பாடு வயலில் இருந்து வருகிறது. போட்ட யூரியாவில் பயிர் எடுக்காத பங்கு வாய்க்காலோடு போய்ச் சேரும் இடம் களப்புத்தானே.

வெளிக்கடலில் கதை தலைகீழ். மேற்பரப்பு சூடாகிவிட்டால் அது எண்ணெய் மாதிரி மேலே நின்றுவிடும், ஆழத்து உரச்சத்து மேலே வராது. மேற்கு இந்து சமுத்திரத்தில் 60 வருடத்தில் தாவர மிதவைகள் 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அது எங்கள் கரை இல்லை, அந்தக் கணக்கை அப்படியே முல்லைத்தீவுக்குத் தூக்கி வராதீர்கள். ஆனால் அதே சூட்டில் வெளிக்கடலுக்குப் பட்டினியும் களப்புக்குச் செமியாக்குணமும் வரலாம் என்பது விளங்கும்.

நீங்களும் அளந்து பார்க்கலாம். வெள்ளைக் கோப்பை (சாப்பாட்டுத் தட்டு) ஒன்றின் நடுவில் ஓட்டை போட்டு, கீழே கல்லுக் கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்குங்கள். கண்ணுக்கு மறைகிற இடத்தில் முடிச்சை எண்ணுங்கள். செக்கி என்ற இத்தாலியர் 1865இல் செய்து பார்த்த வேலை, இன்றைக்கும் கப்பலில் செய்கிறார்கள். என் கோப்பை முல்லைத்தீவு வெளிக்கடலில் நாலு பாகம் (ஒரு பாகம் ஆறடி) வரை தெரிந்தது, களப்பில் ஒரு முழம். மழை விட்ட கையோடு அளக்காதீர்கள், அப்போது மறைப்பது சேறு. அம்மாவின் நல்ல கோப்பையை எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நாயாற்று வாடி அக்கா:

எங்களுக்குப் பச்சையை விடச் சொறி (ஜெலிமீன்) தான் தொல்லை. ஒருநாள் கரைவலை இழுக்க இழுக்கப் பாரம். கீரி மீன் பட்டுவிட்டது என்று பிள்ளைகள் கூக்காட்டினார்கள். வலை மடி கரைக்கு வந்தால் முழுக்கச் சொறி, வாளி வாளியாக. நெத்தலி பொறுக்கிய கை இரண்டும் முழங்கை வரை தடித்து, இரவு முழுக்க எரிந்தது. அதுவும் மிதவை உயிரிதானாம், தம்பி சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு அது குப்பை. சூட்டால் பெருகுகிறதா, அதைத் தின்கிற மீன் குறைந்ததால் பெருகுகிறதா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கரைவலைக் கூலி மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

விடத்தல்தீவான்:

நான் கண்டது இரவில். படகுக்குப் பின்னால் தண்ணீர் நீலமாக எரிந்தது, கையை விட்டால் விரலெல்லாம் வெளிச்சம். வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். மாமா பார்த்துவிட்டு, "வடிவுதான், ஆனா இண்டைக்கு வலை போடாத, மீன் வலையைக் கண்டிடும்" என்றார். போட்டேன். நாலு கும்பளா.

அக்கரையில் மண்டபம் பக்கம் 2019 செப்டம்பரில் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதே, அது நொக்டிலுகா. அங்கே பூங்கோரை என்பார்கள். மற்ற மிதவைகளைத் தின்று, வயிற்றுக்குள் பச்சைப் பாசியைக் குடிவைத்திருக்கும் ஒற்றைக்கல உயிர். நஞ்சு இல்லாவிட்டாலும், கூட்டமாகச் செத்தால் அமோனியா கூடி ஒட்சிசன் போய்விடும். இரவில் கடலை எரியவைக்கிற உயிர்களில் அதுவும் ஒன்று. அதை வாசித்த பிறகு அந்த வீடியோவைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது.

கொக்கிளாய்:

எல்லாம் நட்டக் கணக்காகவே எழுதுகிறீர்கள். புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2இல் திருகோணமலைக்கு வடக்கே ஏறியபோது இங்கே ஒரே மழை. தண்ணீர் தேத்தண்ணி நிறம், வலையில் இலையும் தடியும்தான். ஆனால் அந்த வெள்ளத்துக்குப் பிறகு எங்களுக்கு றால் நன்றாகப் பட்டது. றால் குஞ்சும் முதல் இரண்டு மூன்று கிழமை மிதவைதான், ஓட்டத்தோடுதான் களப்புக்குள் வரும். முகத்துவாரம் திறக்கிற நாளும் குஞ்சு வருகிற நாளும் பொருந்த வேண்டும். முன்பெல்லாம் வாடை தொடங்கினால் எப்போது திறக்கும் என்று அப்பா விரல்விட்டுச் சொல்வார். இப்போது ஒரு வருசம் மழை பிந்தும், ஒரு வருசம் மூன்று நாளில் எல்லாத்தையும் கொட்டும்.

வட்டுவாகல்காரன்:

நன்றி எல்லோருக்கும். சந்தேகப் பட்டியலைக் கிழித்துவிட்டேன், ஓர் ஆளைத் தவிர, அது வேறு விஷயம்.

கோப்பைக்கு ஓட்டை போட்டாயிற்று. இன்றைக்கு விடிய பாலத்தடியில் இறக்கினேன், இரண்டாம் முடிச்சுக்கு முன்பே மறைந்துவிட்டது. காற்று இருக்கிறது. மீன் கீழேதான் நிற்கிறது.