சாது சுந்தர் சிங் நாடகம்: உடை, கைப்பொருள், திபெத் காட்சி எப்படி வைப்பது?

கேள்வி: சீக்கியக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவத் துறவியான சாது சுந்தர் சிங்கைப் பற்றி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு 20 நிமிட நாடகம் எழுதுகிறேன். தண்டவாளத்தில் தரிசனம், காவி உடை, திபெத் கிணறு, கடைசிப் பயணம் என நான்கு காட்சிகள். கழுத்தில் சிலுவையும் கையில் திருவோடும் கொடுக்கலாமா? வேறு பிழை இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில் 1: முதல் காட்சியே தவறு, மாற்றிவிடுங்கள். இயேசுவின் தரிசனம் தண்டவாளத்தில் நடக்கவில்லை, பஞ்சாபின் ராம்பூரில் அவர் வீட்டு அறையில் நடந்தது. 1904 டிசம்பர் 18, விடியுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு, "கடவுள் இருந்தால் வழி காட்டட்டும்" என்று ஜெபிக்கிறார். பதில் வராவிட்டால் விடியற்காலை ஐந்து மணி ரயில் முன் படுப்பது என்பது அவர் முடிவு. அதனால் மேடையில் அறை மட்டும் போதும், ரயில் சத்தம் தூரத்தில் கேட்கட்டும். அதற்குச் சில நாள் முன்புதான் வேதாகமத்தைக் கிழித்து எரித்தார். இந்த எரிப்பு இல்லாமல் மனமாற்றம் பார்ப்பவர் மனதில் நிற்காது.

சீக்கியப் பையனுக்கு முடி வெட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் காட்டுங்கள். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஞானஸ்நானம் சிம்லாவில், 1905 செப்டம்பர் 3, அவருடைய 16ஆவது பிறந்தநாளில்.

பதில் 2: திருவோடு வேண்டாம். அவர் பிச்சை கேட்டதில்லை. கொடுத்தால் சாப்பிடுவார், இல்லாவிட்டால் பட்டினி. பணமும் வைத்துக்கொள்ளமாட்டார். காவி அங்கி, தலைப்பாகை, ஒரு கம்பளி, உருது புதிய ஏற்பாடு, வெறுங்கால், இவ்வளவுதான். சிலுவையும் வேண்டாம். காவியைப் பார்த்துச் சாது என்று வரவேற்ற ஊர்களே, கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் இரவில் வெளியே அனுப்பியதும் உண்டு. சிலுவை தொங்கினால் அந்தத் திருப்பமே போய்விடும்.

காவி எதற்கு என்பதற்கு அவர் அடிக்கடி சொன்ன ரயில் நிலைய உதாரணம் அழகாக இருக்கும். வெயிலில் மயங்கிய பிராமணர் வெள்ளைக் கோப்பையில் கொடுத்த தண்ணீரை மறுத்தார். அவருடைய பித்தளைச் செம்பிலேயே கொண்டுவந்தபோது குடித்தார். அதுபோல நற்செய்தியும் நம் நாட்டுப் பாத்திரத்தில் வந்தால்தான் ஏற்பார்கள் என்பது அவர் கருத்து. ஒரு செம்பு, ஒரு கோப்பை, இரண்டு பிள்ளைகள் போதும், மூன்று நிமிடம்.

லாகூர் இறையியல் கல்லூரியை ஒரு வரியில் தாண்டிவிடலாம். பிரசங்க உரிமம் ஒரு மறைமாவட்டத்துக்குள் கட்டிப்போடும் என்றதும் அதைத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவு சொன்னால் போதும்.

பதில் 3: கிணற்றுக் காட்சியை அவர் சொன்ன சாட்சியாக, அவர் குரலிலேயே வையுங்கள். திபெத்தில் லாமாவின் தீர்ப்பால் வறண்ட கிணற்றில் தள்ளப்பட்டது, பூட்டிய இரும்பு மூடி, உள்ளே பிணங்கள், மூன்றாம் இரவு இறங்கிய கயிறு, சாவியோ லாமாவின் இடுப்பிலேயே. 1920களில் ஐரோப்பாவில் இதைப்பற்றிப் பெரிய விவாதமே நடந்தது: சூரிச்சின் போதகரும் உளப்பகுப்பாய்வாளருமான ஃபிஸ்டர் கடுமையாகச் சந்தேகித்தார், மார்பர்க்கின் சமய ஆய்வாளர் ஹைலர் ஆதரித்தார். கதை சொல்பவர் "இப்படித்தான் நடந்தது" என்று அறிவிக்காமல், சாதுவே நேரடியாகச் சொன்னால் பிரச்சினை இல்லை.

கடைசிக் காட்சியில் பனியில் விழுந்து இறப்பதாக வைக்காதீர்கள். 1927இல் உடல்நலம் கெட்டுப் பாதியில் திரும்பியவர், 1929 ஏப்ரலில் சிம்லா பக்கத்துச் சபாத்துவிலிருந்து மறுபடி திபெத்துக்குக் கிளம்பினார், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பையன் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, பார்வையாளர் நடுவே நடந்து, பின்வாசல் வழியே வெளியே போகட்டும். கதவைத் திறந்தே விடுங்கள்.