எர்லோட்டினிப் டாக்கிங்கில் புரண்டே உட்காருகிறது, உதவி தேவை

வணக்கம். சிங்கப்பூரில் இறுதியாண்டு புராஜெக்ட். இஜிஎஃப்ஆர் கைனேஸ் என்ற, புற்றுநோயில் பங்குள்ள நொதியைத் தடுக்கும் புதிய மூலக்கூறுகளுக்குப் போகும் முன், 1எம்17 படிக அமைப்பில் (நொதியும் மருந்தும் சேர்ந்தது) உள்ள எர்லோட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துவிட்டு, டாக்கிங்கில் (மருந்து நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது) திரும்ப வைத்துச் சரிபார்க்கிறேன். மென்பொருள் ஆட்டோடாக் வினா, லினக்ஸ் லேப்டாப்.

மருந்தின் குவினசோலின் வளையம் புரண்டுகொள்கிறது. நொதியின் மெட்769 அமினோ அமிலத்துடனான ஹைட்ரஜன் பிணைப்பைக் காணோம். ஆர்எம்எஸ்டி (படிகத்தில் இருந்த நிலையிலிருந்து விலகல்) 2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டுகிறது. பிணைப்பு ஸ்கோர் மட்டும் அழகாக வருகிறது, அதை வைத்து என்ன செய்ய!

எக்ஸாஸ்டிவ்னெஸை (தேடலின் ஆழம்) 8லிருந்து 32 ஆக்கினேன், தேடல் பெட்டியைச் சுருக்கினேன், ஹைட்ரஜன்களை மறுபடி சேர்த்தேன். மாற்றமில்லை. பயிற்சிக் குறிப்புகள் சொல்வதுபோல் நீர் மூலக்கூறுகள் எல்லாம் நீக்கப்பட்டவை. ஆனால் நொதியின் த்ரி766 அமினோ அமிலத்துக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு நீர் மூலக்கூறு பாலமாக இருக்கிறதே.

அடுத்த வாரம் மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். கைனேஸ் டாக்கிங் செய்தவர்கள் சொல்லுங்கள்: அந்த ஒரு நீரை மட்டும் நொதியோடு வைத்துக்கொண்டு ஓட்டலாமா?