லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஷெரீஃப் அலுவலகம் இவ்வளவு பெரிதானது எப்படி?

கேள்வி – பழவேற்காடன்

சென்னையில் வளர்ந்த என் தலைமுறைக்கு ஷெரீஃப் என்றால் நகரப் பிரமுகர் ஒருவருக்கு அளிக்கப்படும் கௌரவப் பதவி என்பதுதான் நினைவு. 1726ஆம் ஆண்டின் அரச சாசனத்தோடு மதராசுக்கு வந்த அந்தப் பதவி, நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்து விருந்தினரை வரவேற்கும் பொறுப்பாகச் சுருங்கி, கடைசியில் இல்லாமலே போயிற்று. அதே பெயரில் 1850இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (பல நகரங்களை உள்ளடக்கிய, நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தொடங்கிய அலுவலகமோ இன்று ரோந்து, சிறை, நீதிமன்றக் காவல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நடத்துகிறது. லாஸ் ஏஞ்சலஸ் மாநகருக்கெனத் தனிக் காவல்துறை இருந்தும் ஷெரீஃப் அலுவலகம் இந்த அளவுக்கு வளர்ந்ததற்கு மக்கள்தொகைப் பெருக்கம் மட்டுமே காரணமா?

மறுமொழி 1 – ஆவணப்பித்தன்

மக்கள்தொகை மட்டும் காரணமாக இருந்திருந்தால், புதிய ஊர்கள் நகரங்களாக மாற மாற ஷெரீஃபின் எல்லை குறைந்திருக்க வேண்டும். ஏனெனில் கலிஃபோர்னியாவில் நகராட்சி அமைந்த ஊர் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்வதுதான் பழைய வழக்கம். அதைத் திருப்பிப்போட்டது லேக்வுட் என்னும் குடியிருப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விளைநிலங்களின் மீது சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் வீடுகளுடன் எழுந்த அந்த ஊரைப் பக்கத்திலிருந்த லாங் பீச் நகரம் தன்னோடு இணைத்துக்கொள்ள முனைந்தது. இணையவும் மனமில்லை, சொந்தமாகக் காவல் நிலையமும் தீயணைப்பு நிலையமும் கட்டப் பணமுமில்லை என்ற நிலையில், லேக்வுட் 1954இல் தனி நகரமாகி, காவல் உள்ளிட்ட சேவைகளைக் கவுண்டியிடமே விலைக்கு வாங்கிக்கொண்டது. மறு ஆண்டே விற்பனை வரியில் நகரங்களுக்கு நிலையான பங்கு கிடைக்கும்படி மாநிலச் சட்டம் வந்ததால், கையில் வருவாயும் கண்முன் ஒரு முன்மாதிரியும் இருந்த பல ஊர்கள் அதே வழியில் நகரமாகின. இன்று கவுண்டியிலுள்ள 88 நகரங்களில் 42 நகரங்களுக்குக் காவல் ஷெரீஃப் அலுவலகத்துடையதுதான். 2000ஆம் ஆண்டில் காம்ப்டன் நகரம் தன் சொந்தக் காவல்துறையைக் கலைத்துவிட்டே இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது.

இந்த ஒப்பந்தத்தின் நுணுக்கம் கவனிக்கத்தக்கது. ரோந்து எவ்வளவு வேண்டும் என்பதை நகரம் தீர்மானித்து அதற்குரிய கட்டணத்தைச் செலுத்துகிறது. ஆனால் ரோந்துக் காரில் வரும் டெபுடியை, அதாவது ஷெரீஃபின் கீழ்ப் பணிபுரியும் காவலரை, நியமிக்கவோ நீக்கவோ நகர மன்றத்துக்கு அதிகாரமில்லை. குடியிருப்பவருக்கு வீட்டுக்காவலரை அனுப்பும் நிறுவனம் போன்றது என்று சிலர் இதைக் கேலி செய்வதுண்டு. முற்றிலும் தவறென்று சொல்ல மாட்டேன். மறுபக்கம், தனியொரு சிறு நகரத்தால் நினைத்துப் பார்க்க முடியாதவை இதனால் கிடைத்தன. 1966இல் ஹெலிகாப்டர் ரோந்து சோதனையாகத் தொடங்கியதும் அதே லேக்வுட்டில்தான்.

மறுமொழி 2 – கல்மண்டபம்

ஆவணப்பித்தன் ஐயா ரோந்தைப் பற்றிச் சரியாகவே சொன்னார். ஆயினும் இந்த அலுவலகத்தின் பாரம் தெருவில் இல்லை, சிறையில் இருக்கிறது என்பது என் கருத்து. மத்திய ஆடவர் சிறை 1963இலும் இரட்டைக் கோபுரச் சிறை 1997இலும் திறக்கப்பட்டன. அமெரிக்காவின் மிகப் பெரிய கவுண்டிச் சிறை அமைப்பு என்று இது பேசப்படுகிறது. விசாரணைக் கைதிகளோடு, மனநல மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டியவர்களும் இங்கேதான் பெருமளவில் வந்து சேர்கிறார்கள். புதிதாகச் சேரும் டெபுடிகள் பல ஆண்டுகள் சிறைப்பணி பார்த்த பிறகே தெருவுக்கு அனுப்பப்படுவது நெடுநாள் வழக்கம். அடைபட்டவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணோடு ஒருவர் ரோந்துக்குப் போவது நல்ல பயிற்சியா என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. 1994இல் நீதிமன்றங்களைக் காத்துவந்த தனி மார்ஷல் துறையும் இதனோடு இணைக்கப்பட்டது. ஆக, கைது செய்வது, அடைத்துவைப்பது, நீதிபதி முன் நிறுத்துவது மூன்றும் ஒரே சீருடையின் கீழ் வந்துவிட்டன.

கேட்டவர் – பழவேற்காடன்

இருவருக்கும் நன்றி. இப்படி எல்லாம் ஓரிடத்தில் குவியும்போது அந்த ஷெரீஃபைக் கேள்வி கேட்பவர் யார்? கவுண்டியை நிர்வகிக்கும் ஐவர் மேற்பார்வைக் குழு அவருக்கு மேலதிகாரி இல்லையா?

மறுமொழி 3 – ஆவணப்பித்தன்

இல்லை. குழு நிதியை ஒதுக்கலாம், கணக்குக் கேட்கலாம். ஆனால் ஷெரீஃப் வாக்காளர்களால் தனியே தேர்ந்தெடுக்கப்படுபவர். அதிலும் அந்தத் தேர்தல் நெடுங்காலம் பெயரளவில்தான் இருந்தது. 1932 முதல் 2014 வரையிலான 82 ஆண்டுகளில் பிஸ்கைலஸ், பிட்செஸ், பிளாக், பாக்கா என்று நான்கே பேர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். கல்மண்டபம் சொன்ன சிறைதான் இந்த வரிசையைக் கலைத்தது. கைதிகள் தாக்கப்படுவது குறித்துக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை தொடங்கிய விசாரணையைத் தடுத்ததற்காக லீ பாக்கா 2017இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

அதற்கு முன்பே, பொதுமக்கள் மேற்பார்வை ஆணையமும் தலைமை ஆய்வாளர் அலுவலகமும் அமைக்கப்பட்டிருந்தன. ஆனால் 2018இல் ஷெரீஃப் பதவிக்கு வந்த அலெக்ஸ் வில்லனுவேவா, ஆணையத்தின் அழைப்பாணைகளுக்குக் கட்டுப்பட மறுத்து நீதிமன்றம் வரை போராடினார். அதன் விளைவாகவே 2022 நவம்பரில் கவுண்டி சாசனத்தைத் திருத்தும் முன்மொழிவு வாக்காளர் முன் வந்தது: தக்க காரணம் இருப்பின், ஐவரில் நால்வர் ஒப்புதலோடு மேற்பார்வைக் குழு ஷெரீஃபை நீக்கலாம். மக்கள் அதை ஏற்றார்கள். அதே தேர்தலில், அந்த அதிகாரம் பயன்படும்வரை காத்திராமல், வில்லனுவேவாவைத் தோற்கடித்து லாங் பீச் காவல்துறையின் முன்னாள் தலைவர் ராபர்ட் லூனாவையும் தேர்ந்தெடுத்தார்கள்.

மறுமொழி 4 – கல்மண்டபம்

லேக்வுட் எந்த நகரத்துக்குள் போகக்கூடாதென்று இந்த ஒப்பந்தமுறையே பிறந்ததோ, அந்த லாங் பீச்சின் முன்னாள் காவல்தலைவர் இப்போது லேக்வுட்டுக்கும் ஷெரீஃப் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.