பொருள்: செல்ஃப் சர்வீஸ் மளிகைக்கடைக்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களுக்கு வணக்கம்.
பிரிட்டனின் சமூக வரலாறு பற்றிய கல்லூரிப் பாடமொன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிக்கிய இடம் இது: முன்பெல்லாம் வாங்குபவர் மேசைக்கு இந்தப் பக்கம் வரிசையில் நிற்பார். அந்தப் பக்கம் கடைச் சிப்பந்தி வெண்ணெயைப் பாளத்திலிருந்து வெட்டி, இரண்டு மரத்தட்டைகளால் தட்டி உருவாக்கி, நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். 1950இல் செயின்ஸ்பரி என்ற மளிகை நிறுவனம் லண்டனை ஒட்டிய குரோய்டனில் இருந்த தன் கடையை மாற்றியபோது கையில் கூடையைக் கொடுத்து உள்ளே விட்டுவிட்டார்கள். போர்க்கால உணவு ரேஷன்கூட அப்போது முடியவில்லை. 1954 வரை இருந்தது. ‘சுயசேவைக் கடை’ என்று போட்டுவிடலாமா?
– ச.

ச. அவர்களுக்கு,
கூடாது. சுயமும் வடமொழி, சேவையும் வடமொழி. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் வீட்டில் சேவை என்றால் நாழியில் பிழிவது. பெருமாள் கோயிலில் சேவை என்றால் கண்ணாரக் கும்பிடுவது. குரோய்டனில் கூடையோடு உள்ளே போன அம்மையார் இரண்டையும் செய்யவில்லை. ‘எடுகடை’ என்கிறேன். குடிநீர்போல வினைத்தொகை, முக்காலமும் அடக்கம். பகல் சந்தைக்கு நாளங்காடி, இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்று பொழுதை வைத்துப் பெயரிட்டோம். செயலை வைத்துப் பெயரிட என்ன தயக்கம்?
– வே.

வே. ஐயா,
எடுகடையை இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “கடையை எடுத்துவிட்டார்களா?” என்று கேட்டாள் ஒரு மாணவி. ஓட்டமில்லாத கடையைத்தானே எடுப்பார்கள்! காசு கொடுக்காமல் தூக்கிக்கொண்டு போவதற்கும் அதே ‘எடு’தான். அந்தத் திருட்டு அச்சம் முதலிலேயே இருந்திருக்கிறது. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற செல்ஃப் சர்வீஸ் கடையைத் திறந்த கிளாரன்ஸ் சாண்டர்ஸ், 1917இல் கடையின் அமைப்புக்கே காப்புரிமை பெற்றார். உள்ளே ஒரே நடை. எல்லா அலமாரிகளையும் சுற்றி, கல்லாவைத் தாண்டித்தான் வெளியே வர முடியும். சிப்பந்தியின் வேலையை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு அதற்குச் ‘சர்வீஸ்’ என்று பெயர் வைத்தார்களே, அந்தச் சாமர்த்தியம் தமிழில் வர வேண்டாமா? ‘சுயசேவை’யில் அது அப்படியே வருகிறது. என் வாக்கு அதற்கே.
– மா.

எல்லாரும் பின்பாதியை மறந்துவிட்டீர்கள். ‘கடை’ என்றால் என்ன? வாயில். தலைக்கடை, புறக்கடை, புழைக்கடை எல்லாம் வாயில்களே. வாங்குபவர் வாயிலோடு நின்றதால்தான் அது கடை என்பது என் துணிபு. வாயிலைத் தாண்டி உள்ளே விட்ட அன்றே அது கடை அல்லாமல் போயிற்று. ஆகவே ‘உள்ளங்காடி’. ‘உள்ளங்கை’ என்ற சொல்போல நாவில் உட்காரும். கடைக்கண், கடைவாய், கடைக்குட்டி பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
– இரா.

இரா. அண்ணா, நாளை வெள்ளி. உள்ளங்காடி என்றால் மாணவர்கள் வணிக வளாகத்துக்குள் இருக்கும் கடை என்றுதான் நினைப்பார்கள். வெளியே வெயிலில் காய்கறிக் குவியலில் நாமே பொறுக்கிக் கூடையில் போடுகிறோமே, அது என்ன அங்காடி?
– மா.

நன்றி நண்பர்களே. முதல் முறை வருமிடத்தில் ‘வாங்குபவர் தாமே எடுத்துக்கொள்ளும் கடை’, பிறகு ‘சுயசேவைக் கடை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். நால்வர் சரி என்றார்கள். இருவர் களைத்துப்போய்ச் சரி என்றார்கள்.
– ச.

நான் சரி என்று சொல்லவில்லை. அடிக்குறிப்பில் எடுகடைக்கு இடம் உண்டா?
– வே.