ஈஸ்ட் பெங்கால்: கம்பெனி பக்கமா, கமிட்டி பக்கமா?

எல்லீஸ் நகர் இலிஷ்:

மதுரையில் உட்கார்ந்துகொண்டு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கிளப்பைப் பற்றிக் கேட்கிறேனே என்று சிரிக்க வேண்டாம். அப்பா கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் ஒரு டிபன் கடையில் இருபது வருடம் சரக்கு மாஸ்டராக இருந்தவர். நான் பிறந்ததே அங்கேதான். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு என்னை சால்ட் லேக் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். எனக்குப் பதினோரு வயது. முன்னால் நின்றவரின் முதுகைத்தான் பாதி நேரம் பார்த்தேன். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல், பரம எதிரி மோகன் பகானை 4-1 என்று ஜெயித்தோம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால், அது கொல்கத்தா வழக்கம். சைவக் கடையில் வேலை பார்த்த மனிதர் அன்று இரவு கையில் இலிஷ் மீனோடு வீட்டுக்கு வந்தார்.

2002ல் மதுரைக்கே திரும்பிவிட்டோம். இங்கே இலிஷுக்கு எங்கே போவது? ஈஸ்ட் பெங்கால் பெரிய ஆட்டம் ஜெயித்தால் வீட்டில் அயிரை மீன் குழம்பு என்று அப்பா வழக்கத்தை மாற்றிக்கொண்டார். சமீப வருடங்களில் எங்களால் அயிரைக்காரம்மாவுக்குப் பெரிய வியாபாரம் ஒன்றும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கேள்விக்கு வருகிறேன். 2018ல் குவெஸ் நிறுவனம் 70 சதவீதத்தை வாங்கியது. 2020ல் விலகியது. 1920 ஆகஸ்ட் 1ல் தொடங்கிய கிளப், நூறாவது பிறந்தநாளைக் கையில் முதலீட்டாளரே இல்லாமல் கொண்டாடியது. செப்டம்பரில் ஸ்ரீ சிமெண்ட் வந்தது, இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) நுழைந்தோம், பெயர் எஸ்.சி. ஈஸ்ட் பெங்கால் ஆனது. ஆனால் முதல்கட்ட ஒப்பந்தத்தில் இருந்ததும் இறுதி ஒப்பந்தத்தில் இருப்பதும் வேறு வேறு என்று கிளப் நிர்வாகிகள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். 2021 ஜூலையில் ரசிகர்கள் கிளப் வாசலில் திரண்டு போலீஸிடம் தடியடி வாங்கினார்கள். 2022ல் அந்தக் கம்பெனியும் போய் இமாமி வந்தது. இத்தனைக்கும் நடுவில் லீக்கில் ஒன்பதாம் இடம், கடைசி இடம், மறுபடி ஒன்பதாம் இடம்.

அப்பா கமிட்டி பக்கம், அதாவது கிளப் நிர்வாகிகள் பக்கம். "மண்டகப்படிக்குக் காசு கொடுத்தவன் அழகரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?" என்று கேட்கிறார். நான் கம்பெனி பக்கம். பணம் போடுகிறவன் ஏதாவது ஒன்றைக் கேட்கத்தானே செய்வான்? கையெழுத்தே போடாமல் எத்தனை நாள் அவன் காசில் ஆடுவது? சாப்பிடும் நேரத்தில் இதே சண்டை. ஒவ்வொரு சீசனும் முதலீட்டாளர் போகப்போகிறார் என்று வதந்தி கிளம்பும்; அப்பா உடனே, "ஐயாயிரம் ரூபாய் அனுப்பி வைடா" என்பார். யாருக்கு அனுப்புவது? கம்பெனிக்கா, கமிட்டிக்கா? இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ரசிகன் என்னதான் செய்ய வேண்டும்?

திண்டுக்கல் தடுப்பாட்டக்காரன்:

அண்ணே, 2019 மார்ச் 9 நினைவிருக்கிறதா? ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் கடைசி நாள். உங்கள் ஆள்கள் கோழிக்கோட்டில் கோகுலத்திடம் பின்தங்கி, பிறகு 2-1 என்று ஜெயித்தார்கள். அதே நேரம் கோவை நேரு ஸ்டேடியத்தில் எங்கள் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு 3-1 என்று ஜெயித்தது. எங்களுக்கு 43 புள்ளி, உங்களுக்கு 42. நான் அப்போது கோவையில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் போனில் உங்கள் ஸ்கோரைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நாங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

அந்த வருடமே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் எங்கள் அணியில் 26 சதவீதம் வாங்கியது. ஐரோப்பாவே வந்துவிட்டது என்று குதித்தோம். 2021க்குப் பிறகு ஐ-லீகில் எங்கள் அணியே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கோப்பை தூக்கிய அணி! யாரும் ரோட்டில் உட்காரவில்லை, யாரும் தடியடி வாங்கவில்லை. வாங்குவதற்கு ஆளே இல்லை. முதலாளியைத் தவிர அந்த அணி வேறு யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை.

உங்கள் கமிட்டிக்காரர்கள் பிடிவாதக்காரர்கள்தான். கோஸ்டாரிகாவுக்கு உலகக் கோப்பை ஆடிய ஜானி அகோஸ்டாவுக்குச் சம்பள பாக்கி வைத்து, புது வீரர்களைச் சேர்க்க ஃபிஃபா தடை போடும் அளவுக்கு விட்டதெல்லாம் அசிங்கம். ஆனாலும் இரண்டு கம்பெனி வந்து போனபிறகும் கிளப் நிற்கிறது என்றால், கம்பெனிக்கு வெளியே அதற்கு ஒரு வீடு இருந்ததுதான் காரணம். நான் அப்பா பக்கம்.

போர்ட்ஸ்மத் பாண்டி:

நான் தேவையில்லாமல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கிளப்புக்கு ரசிகன் ஆனவன். 2008 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் கானு அடித்த ஒரே கோல், டிவியில் பார்த்தேன், அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். இரண்டே வருடத்தில் கிளப் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. 2012ல் இன்னொரு தடவை. கடைசியில் 2013ல் ரசிகர்களே தலைக்கு ஆயிரம் பவுண்டு என்று பங்கு வாங்கிக் கிளப்பை மீட்டார்கள். அப்போது அணி நான்காம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது.

சொல்ல வந்தது இனிமேல்தான். அதே ரசிகர்கள் 2017ல் டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் கம்பெனிக்குக் கிளப்பை விற்றார்கள். ஸ்டேடியத்தைப் பழுது பார்க்கக்கூடப் பெரிய பணம் வேண்டியிருந்தது. துரோகம் என்று சிலர் திட்டினார்கள்தான். ஆனால் வாங்குகிறவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, ஓட்டுப் போட்டு விற்றார்கள். 2024ல் மூன்றாம் டிவிஷன் சாம்பியன். அதனால் கம்பெனியா கமிட்டியா என்பதைவிட, கையெழுத்துக்கு முன்னால் காகிதத்தை யாருக்குக் காட்டினார்கள் என்று பாருங்கள். உங்கள் கதையில் கம்பெனியும் காட்டவில்லை, கமிட்டியும் காட்டவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

வலையில்லாத கோல்கீப்பர்:

எங்கள் ஏரியா மைதானத்தில் கோல் போஸ்டுக்கு வலை இல்லை. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பஞ்சாயத்து. கொல்கத்தாவுக்கு அனுப்புகிற ஐயாயிரத்தை இங்கே கொடுங்கள் சார்.

பகான் மீனாட்சி:

நான் திருமங்கலத்துக்காரி, கல்யாணமாகி ஹவுராவுக்கு வந்து பதினாறு வருடம். மாமனார் வீடு முழுக்க மோகன் பகான், அதனால் நானும். எதிரி வீட்டிலிருந்து சொல்கிறேன் தம்பி, பொறுமையாகக் கேளுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போடாமல் தவித்தீர்கள். நாங்கள் போட்டுவிட்டுத் தவித்தோம். 2020ல் எங்கள் கால்பந்து அணியின் 80 சதவீதம் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்துக்குப் போனது. 1911ல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்கார ரெஜிமென்டைத் தோற்கடித்த கிளப்பின் பெயருக்கு முன்னால், பிறந்து ஆறே வருடம் ஆன, அந்தக் குழுமத்தின் அணியான 'ஏ.டி.கே.'யின் பெயர் வந்து உட்கார்ந்தது. பணம் வந்தது, நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள், ஜெயித்தோம். ஆனால் டிவியில் பெயர் சொல்லும்போதெல்லாம் மாமனார் சத்தத்தைக் குறைத்துவிடுவார். மூன்று வருடம் ரசிகர்கள் விடாமல் கத்தினார்கள். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயித்த ராத்திரி, அடுத்த சீசனிலிருந்து அந்த மூன்று எழுத்து இருக்காது என்று முதலாளியே அறிவித்தார். பதிலுக்கு 'சூப்பர் ஜெயன்ட்' என்று இன்னொன்றைப் பின்னால் ஒட்டினார், அது இருக்கட்டும்.

உங்கள் அப்பாவின் மண்டகப்படி உவமை அழகு. ஆனால் இந்தக் காலத்து மண்டகப்படிக்காரர் பல்லக்கையே தன் பெயருக்கு எழுதிக் கேட்கிறார். எழுதிக் கொடுக்காவிட்டால் சாமி புறப்பாடே இல்லை. எழுதிக் கொடுத்தபிறகும் வாசலில் நின்று சத்தம் போட ஆள் வேண்டும். அவ்வளவுதான் நான் கண்டது.

பணமெல்லாம் அனுப்பாதீர்கள். அப்பாவை ஒருமுறை கூட்டி வாருங்கள். மழைக்காலத்தில் கொல்கத்தா லீக் நடக்கும்போது வந்தால் மைதான் என்கிற பெரிய திடல் பக்கம் உங்கள் கிளப் மைதானத்திலேயே ஆட்டம் பார்க்கலாம். மதுரை வழியாக வாரத்துக்கு ஒரு ஹவுரா ரயில் இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே தங்கலாம்.

எல்லீஸ் நகர் இலிஷ்:

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். திண்டுக்கல் தம்பியின் பதிலைக் கேட்டதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பாண்டி சொன்னதற்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நம்மளை யாருடா கேட்டா" என்றார். கம்பெனியைச் சொன்னாரா கமிட்டியைச் சொன்னாரா தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு 2024 சூப்பர் கோப்பை பேச்சு வந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த தேசிய அளவுக் கோப்பை. இறுதி ஆட்டத்தில் ஒடிசா முதல் கோல் போட, சமன் செய்தது நம் சென்னைப் பையன் நந்தகுமார். 111வது நிமிடத்தில் கிளெய்ட்டன் சில்வா அடித்தது 3-2. அன்றைக்கு முதலாளி யார் என்று அப்பா கேட்கவே இல்லை. அயிரை எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்டார், ராத்திரி பத்து மணிக்கு.

கோல்கீப்பர் சார், வலைக்கு எங்கள் பங்கு ஆயிரம் ரூபாய் உண்டு. எந்த மைதானம் என்று சொல்லுங்கள். மீதி ரயில் டிக்கெட்டுக்கு. அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டார் அக்கா. ஒரே ஒரு நிபந்தனை: மோகன் பகான் வீடு என்பதால் இறால் சமைத்துவிடுவீர்களோ என்று பயப்படுகிறார். அன்று இறால் வேண்டாமாம். வெறும் ரசம் போதுமாம்.