சம்பளமில்லாத வார்டும் கூடாத சபையும்: அரசு முடக்கத்தின்போது செவிலியர் அனுபவங்கள்

ராணுவ மருத்துவமனைச் செவிலியர், வர்ஜீனியா

2025 அக்டோபர் 1 அன்று தொடங்கிய அமெரிக்க அரசு முடக்கம் நவம்பர் 12 இரவு முடிந்தது. 43 நாட்கள் நீடித்த இதுவே அதுவரை இந்நாட்டு வரலாற்றில் மிக நீண்ட முடக்கம். ராணுவ மருத்துவமனை ஒன்றில் சீருடை அணியாத குடிமைப் பணியாளராக வேலை பார்க்கும் செவிலியர் நான். அந்த நாட்களில் மக்கள் பிரதிநிதிகளின் அலுவலகங்களோடு எனக்கு நேர்ந்த உரையாடல்களை இங்கே எழுதுகிறேன். அரசு நிதியில் இயங்கும் மருத்துவப் பணிகளில் இருப்பவர்கள் தத்தம் அனுபவத்தையும் சேர்க்க வேண்டுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். முடக்கத்தின்போது, அதாவது நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறாத காலத்தில், உயிர்க் காப்புக்கும் சொத்துப் பாதுகாப்புக்கும் தேவையான பணிகளைத் தவிர மற்றவை நிறுத்தப்பட வேண்டும் என்பது விதி. நோயாளியின் அருகில் நிற்கும் செவிலியர் இந்த விலக்கில் அடங்குவதால், பணிக்கு வந்தே ஆக வேண்டும். சம்பளம் மட்டும் முடக்கம் நீங்கிய பிறகு வரும். கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வதையும் சட்டம் தடுக்கிறது. அக்டோபர் நடுவில் செப்டம்பர் மாதத்துக்கு உரிய பகுதிச் சம்பளம் வந்தது. மாத இறுதியில் வந்த சம்பளச் சீட்டில் பூஜ்யம் இருந்தது.

எங்கள் வார்டில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஆய்வு, மேம்பாட்டுப் பணிகளுக்கென ஒதுக்கிச் செலவாகாமல் இருந்த ஏறத்தாழ 800 கோடி டாலரை எடுத்து, அக்டோபர் 15 அன்று ராணுவத்தினருக்குச் சம்பளம் வழங்கும்படி அதிபர் ஆணையிட்டார். ஆகவே ஒரே இரவுப் பணியில், ஒரே நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் இருவரில் சீருடை அணிந்தவருக்குச் சம்பளம் உண்டு, எனக்கு இல்லை. அவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை; என்னுடன் பணியாற்றிய லெப்டினன்ட் ஒருவர் எங்களிடம் பேசவே கூச்சப்பட்டார், அவரைத் தேற்றும் வேலையும் எங்களுக்கே வந்து சேர்ந்தது. ஆனால் மனமிருந்தால் பணத்துக்கு வழி கண்டுபிடிக்க முடியும் என்பதை அந்த ஆணை காட்டிவிட்டது.

அதன் பிறகுதான் எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். நான் கேட்டது ஒரே கேள்விதான்: "பிரதிநிதிகள் சபை எந்தத் தேதியில் கூடும்?" செப்டம்பர் 19க்குப் பிறகு வாக்கெடுப்புக்காகச் சபை அதுவரை கூடவேயில்லை. அவர் எதிர்க்கட்சி செய்த தவறுகளைச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டேன். என் சேவைக்கு நன்றி சொன்னார். செனட்டர் ஒருவரின் அலுவலகத்தில் பேசியபோதும் இதே கதைதான். குற்றம் சாட்டப்பட்ட கட்சி மட்டும் மாறியிருந்தது. எந்த அலுவலகம் எந்தக் கட்சி என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை, ஏனெனில் எழுதினால் அடுத்த பத்துப் பின்னூட்டங்கள் அதைப் பற்றியே இருக்கும்.

பிறகு அந்த உறுப்பினர் தொலைபேசி வழியாக நடத்திய தொகுதிக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. "முடக்கம் நடக்கும்போதும் உங்கள் சம்பளம் நிற்காதே, எங்கள் சம்பளம் மட்டும் ஏன் நிற்கிறது?" என்றேன். உறுப்பினர்களின் ஊதியம் அரசியல் சாசனத்தால் உறுதி செய்யப்பட்டது என்றார். அது உண்மைதான்: சாசனத்தின் முதல் பிரிவு அதைச் சொல்கிறது, ஒரு சபையின் பதவிக் காலத்துக்கு நடுவே ஊதியத்தை மாற்றக் கூடாது என்று 27ஆவது திருத்தமும் சொல்கிறது. ஆண்டுக்கு 1,74,000 டாலர். செவிலியரின் சம்பளத்துக்குச் சாசனத்தில் இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதைக் காப்பதற்கு ஒரு சாதாரணச் சட்டமே போதும் என்று சொல்ல வாயெடுத்தபோது, நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்லி அடுத்தவரை அழைத்தார்கள்.

அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் இருக்கும் செவிலியர்களுக்கு இந்த 43 நாட்களும் சம்பளம் வந்தது. காரணம், அந்தத் துறையின் மருத்துவச் செலவுக்கு ஓராண்டு முன்கூட்டியே நிதி ஒதுக்கும் முறையை 2009இல் காங்கிரசே, அதாவது இந்நாட்டு நாடாளுமன்றமே, சட்டமாக்கியது. முடக்கத்திலிருந்து மருத்துவமனையை எப்படிக் காப்பது என்பது பதினாறு ஆண்டுகளாக அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் மற்ற மருத்துவமனைகளுக்குச் செய்யவில்லை என்பதுதான் என் கோபம்.

ஊரிலிருந்து அம்மா, "கவர்மென்ட் வேலையில் கூடவா சம்பளம் நிற்கும்?" என்று வாரந்தோறும் கேட்டார். இந்தியாவில் பட்ஜெட் தாமதமானால் இடைக்காலச் செலவுக்கு நாடாளுமன்றம் முன்கூட்டியே அனுமதி தந்துவிடும். இங்கே அந்த இடைக்கால ஏற்பாட்டின் மீதுதான் சண்டையே. அதை அம்மாவுக்கு விளக்க என்னால் முடியவில்லை.

பழங்குடியினர் நலவாழ்வுத் துறையில் இருந்தவர், நியூ மெக்சிகோ

அக்கா, முன்கூட்டிய நிதியைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என் அனுபவமே சாட்சி. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை நடந்த 35 நாள் முடக்கத்தின்போது அமெரிக்கப் பழங்குடியினருக்கான அரசு மருத்துவமனை ஒன்றில் இருந்தேன். அப்போது எங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வார்டு நடந்தது, சம்பளம் இல்லை. பனிக்காலம் வேறு, நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் சாலையில் கிடந்த பனியை அகற்ற ஆள் இல்லாததால், டயாலிசிசுக்கு வர வேண்டிய முதியவர்கள் வர முடியாமல் போவார்களோ என்பதே எங்கள் அன்றாடக் கவலை.

எங்களைச் சந்திக்க மக்கள் பிரதிநிதி ஒருவரின் உதவியாளர் வந்தார். எழுதிக்கொண்டார், உண்மையிலேயே கவலைப்பட்டார் என்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடக்கம் எப்போது முடிந்தது தெரியுமா? விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் போதிய அளவில் பணிக்கு வராமல், நியூயார்க்கின் லகார்டியா நிலையத்தில் விமானங்கள் தடைபட்ட அதே நாளில். இம்முறையும் நவம்பர் 7 முதல் 40 பெரிய நிலையங்களில் விமானங்களைக் குறைத்த பிறகுதான் சபையில் அசைவு தெரிந்தது. நாம் தவறாமல் பணிக்கு வருவதால் வெளியில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. நோயாளியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார நம்மால் முடியாது என்பது அவர்களுக்கும் நன்றாகவே தெரியும்.

ஒரு நல்ல செய்தி: பழங்குடித் தலைவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 2024 நிதியாண்டு முதல் அந்தத் துறைக்கும் முன்கூட்டிய நிதியைத் தந்தது. இந்த முறை என் பழைய தோழிகள் சம்பளம் வாங்கினார்கள்.

வீட்டு மருத்துவச் சேவைச் செவிலியர், வட கரோலினா

நான் அரசு ஊழியர் அல்ல, என் சம்பளமும் நிற்கவில்லை. ஆயினும் எங்கள் நோயாளிகள் சிக்கிக்கொண்டார்கள். மருத்துவமனையில் படுக்க வேண்டிய நோயாளியை அவர் வீட்டிலேயே வைத்துக் கவனிக்கும் திட்டத்துக்கு, 2020இல் கொரோனா காலத்தில் மெடிகேர் என்னும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு தந்த சிறப்பு அனுமதி, நீட்டிக்கப்படாததால் 2025 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அன்றைக்குள் ஒவ்வொருவரையும் சிகிச்சை முடித்து அனுப்ப வேண்டும், அல்லது மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். நுரையீரல் தொற்றுக்கு வீட்டில் நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டியை ஆம்புலன்சில் ஏற்றும்போது, "நான் மோசமாகிவிட்டேனா?" என்று கேட்டார். "இல்லை பாட்டி, உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, வாஷிங்டனில்தான் பிரச்சினை" என்றேன். மகளுக்குக் கோபம். அவருடைய செனட்டருக்கு எழுதினார். பதிலாக நன்கொடை கேட்கும் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின.

வாசகர், ஓஹாயோ

அக்காவின் வேதனை புரிகிறது. எனினும் ஒரு மறுப்பு. இது வெறும் வீம்புச் சண்டை அன்று. 2025 இறுதியில் முடியவிருந்த கூடுதல் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்பதே செனட்டில் நிதி மசோதாவுக்கு ஆதரவாக வாக்களிக்க மறுத்தவர்களின் கோரிக்கை. என் கணவர் சிறு கடை நடத்துகிறார்; எங்கள் குடும்பக் காப்பீடு அந்த மானியத்தை நம்பியே இருந்தது. அதற்காக யாராவது பிடிவாதம் பிடித்தால் நான் எப்படிக் குறை சொல்வேன்?

ராணுவ மருத்துவமனைச் செவிலியர், வர்ஜீனியா

சகோதரி, அந்த மானியம் நீட்டிக்கப்பட வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். காப்பீடு இல்லாதவர்கள் நோய் முற்றிய பிறகு வந்து சேர்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் முடிவில் நடந்ததைப் பாருங்கள். செனட்டில் பதினான்கு முறை தோற்ற பிறகு 60க்கு 40 என்ற வாக்கில் மசோதா நிறைவேறியது. மானியம் அதில் இல்லை; டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி மட்டுமே இருந்தது. உங்களுக்கும் கிடைக்கவில்லை, எங்களுக்கும் கிடைக்கவில்லை. எங்களுக்கு நிலுவைச் சம்பளமாவது வரும், 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக அரசுக் கட்டடங்களைத் துடைத்துப் பெருக்குகிறவர்களுக்கு அந்தச் சட்டம் எதையும் உறுதி செய்யவில்லை. சபையில் அவர்கள் பெயரைச் சொன்னவர்களும் மிகக் குறைவு.

முடக்கத்தை முடித்த அந்தச் சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். மூன்று பிரிவுகளுக்கு மட்டும் 2026 செப்டம்பர் 30 வரை முழு ஆண்டு நிதி கிடைத்திருக்கிறது. வேளாண்மைத் துறை ஒன்று, ராணுவக் கட்டுமானமும் முன்னாள் படைவீரர் நலனும் ஒன்று, காங்கிரசின் சொந்தச் செலவு மற்றொன்று. ராணுவ மருத்துவமனைகளின் செலவு பாதுகாப்புத் துறையின் ஒதுக்கீட்டில் வருகிறது, அதற்கு அந்தச் சட்டம் 2026 ஜனவரி 30 வரைதான் பணம் தந்தது.

டிசம்பரில் நேரில் சந்திக்க எங்கள் உறுப்பினரின் அலுவலகத்தில் நேரம் கேட்டிருக்கிறேன். கிடைத்தால், யார் காரணம் என்று கேட்கப்போவதில்லை. படைவீரர் மருத்துவமனைகளுக்கு 2009இல் செய்ததை ராணுவ மருத்துவமனைகளுக்கும் சிறைச்சாலை மருத்துவப் பிரிவுகளுக்கும் நீட்டிக்கும் மசோதாவில் கையெழுத்திடுவீர்களா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் கேட்பேன். வர்ஜீனியாவில் இருக்கும் செவிலியர்கள் யாரேனும் உடன் வர விரும்பினால் தனிச் செய்தி அனுப்புங்கள். இரவுப் பணி முடித்து வருகிறவர்களுக்கு வசதியாகக் காலை நேரமே கேட்டிருக்கிறேன்.